ஐந்து மணித்தியாலத் துண்டு

கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மேல்மாடியில் இருக்கும் தாட்சாயினி அக்கா ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் பதினொரு வருடமாக ஒரே வேலைதான் பார்க்கிறார். ஐரோப்பாவில் பன்னிரண்டு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்திருக்கின்றன. அக்காவின் பல்கலைக்கழகமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூட்டணியின் கூட்டங்களுக்கெல்லாம் நேரம் குறிப்பது அக்கா.

"அதென்னடி, எங்கட ஊர்ச்சங்கம் மாதிரியோ?" என்று சுவிஸில், பேர்ணில் இருக்கும் அவருடைய அண்ணன் அரியரத்தினம் ஒருமுறை போனில் கேட்டாராம்.

"ஓம் அண்ணை. ஆர் தலைவர் எண்டதுதான் அங்கையும் சண்டை."

அந்தப் பெரிய மூளைகளுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது. இங்கே மார்ச் தொடக்கத்திலேயே கோடைகாலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிடுவோம். ஐரோப்பாவில் கடைசி ஞாயிறுதான். இடையில் மூன்று வாரம், ஆறு மணித்தியால வித்தியாசம் ஐந்தாகிவிடும். அப்போது அக்கா '5' என்று எழுதிய கடதாசித் துண்டை அலுவலகக் கணினியிலும் வீட்டில் பிரிட்ஜ் கதவிலும் ஒட்டுவார். தவணை முடிந்த திங்கள் காலை ஒன்பதுக்கு அலுவலகத் துண்டைக் கிழித்து எல்லாருக்கும் மின்னஞ்சல் போடுவார். வீட்டுத் துண்டு மாலையில் கிழிபடும். இதுவரை எந்தப் பேராசிரியரும் கூட்டம் தவறவிட்டதில்லை.

இந்த மார்ச்சில், அந்த மூன்றாம் வாரத்தில், அரியரத்தினம் மாரடைப்பில் போய்விட்டார். அக்காவின் கடவுச்சீட்டு புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் கிடந்தது. பதினாறு வருடம் நேரில் காணாத முகத்தைக் கடைசியாக ஸூமில்தான் பார்க்க வேண்டும்.

"திங்கள், எங்கட நேரம் ஒரு மணி, மாமி" என்றான் அண்ணன் மகன் விதுர்சன். அக்கா பிரிட்ஜைப் பார்த்தார். ஐந்தைக் கழித்தார். காலை எட்டு.

எட்டுக்கு நானும் பக்கத்தில் இருந்தேன். திரையில் யாரோ கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சவப்பெட்டியைக் காணவில்லை. விதுர்சன் ஓடி வந்தான்.

"எங்க மாமி போனீங்கள்? எத்தினை தரம் அடிச்சன்! மூடுறதுக்கு முதல் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனாங்கள்."

அவன் எடுத்த அழைப்புகள் அக்கா குளிக்கும்போது வந்து போயிருந்தன.

"நேற்று அங்கையும் மணிக்கூட்டை மாத்திட்டாங்கள்" என்றார் அக்கா. அழவில்லை. குரல்கூட மாறவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, என்மேலேயே. அந்தத் துண்டை நானும் தினமும் பார்த்தவள்தானே.

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்தார். மேலங்கியை எடுத்தார்.

"லீவு போடுங்கோ அக்கா."

"போட்டு? வேலைக்குப் போறன்."

மாலை திரும்பி வந்ததும் போனை என்னிடம் நீட்டினார். ஒன்பது மணிக்கு அவர் அனுப்பிய 'இன்றுமுதல் ஆறு மணித்தியாலம்' என்ற மின்னஞ்சலுக்கு ஒரு பேராசிரியர் பதில் எழுதியிருந்தார். நீங்கள் நினைவுபடுத்தாவிட்டால் இன்று தவறவிட்டிருப்பேன், மிக்க நன்றி.

"பதில் போட்டீங்களோ?"

"ஓம். சந்தோசம் எண்டு போட்டன்."