அப்பா பார்த்த வேலை

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. தங்கமாரி சிரித்ததில்லை. நடந்தது அவள் கண்ணெதிரே, பட்டப்பகலில், ஓர் அரசாங்க அலுவலகத்தில். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையின் சாலை, தண்ணீர், சாக்கடையைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் அது. அங்கே பணியாளர் பிரிவுக்குத் தங்கமாரிதான் கண்காணிப்பாளர். யாருக்கு விடுப்பு, யாருக்கு இடமாற்றம், யாரை எங்கே உட்கார வைப்பது, எல்லாம் அவள் கையில். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கறார் பேர்வழி. அழுதுகொண்டு வந்து நிற்பவர்களை இன்னும் கொஞ்சம் அழவிட்டுத்தான் பேசுவாள் என்று அலுவலகத்தில் பேச்சு.

பதிவறை எழுத்தர் அருள்நாதன் பிப்ரவரியில் ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரி மோதி இறந்துபோனார். அலுவலகத்தில் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பன்னீர்ப் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு, தலையாட்டியே பதில் சொல்லிவிடுகிற மனிதர். கருணை அடிப்படையில் அந்த வேலை மூத்த மகள் ஜாய்க்குக் கிடைத்தது. நவம்பரில் வந்து சேர்ந்தாள். படிக்கும்போதிருந்தே வீட்டில் இல்லாமல் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள்; அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். அப்பா இருந்த அதே அறை. அதே மேஜை. அதே நாற்காலி.

முதல் வாரம் தங்கமாரி கவனித்தது ஒன்றைத்தான். அந்தப் பெண் உட்காரவே இல்லை.

“ஏம்மா, காலைல இருந்து நிக்க? நாற்காலி கடிக்குமா?”

“பரவால்ல மேடம். நின்னுக்கினே பண்றேன்.”

அடுத்த வாரம் ஜாயின் இடது கன்னத்தில் சிவப்பாக ஒரு தடம். கேட்டதற்குக் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். கதவுக்கு ஏது அஞ்சு விரல் என்று தங்கமாரி நினைத்தாள். காதல் கீதல் ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜாயே வந்து நின்றாள்.

“வேற ரூம் குடுங்க மேடம். மாடிப்படி கீழ, பாத்ரூம் பக்கத்துல... எங்க வேணா உக்கார்றேன்.”

“ஏன், அந்த ரூமுக்கு என்ன?”

ஜாய் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். தங்கமாரிக்கு எரிச்சல் வந்தது. கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், நாற்காலிமுன் நிறுத்தி, தோளில் கைவைத்து அழுத்தினாள்.

“உக்காருன்னு சொல்லுதேன்லா. வேலை வேணும்னா இதுலதான் உக்காரணும். வேண்டாம்னா எழுதிக் குடுத்துட்டுப் போயிரு. ஆயிரம் பேரு காத்துக் கெடக்கான்.”

ஜாய் உட்கார்ந்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். அறையில் பன்னீர்ப் புகையிலை வாசனை அடித்தது. பழைய அறை, வாசனை தங்கியிருக்கும் என்று தங்கமாரி தன் இடத்துக்குத் திரும்பிவிட்டாள்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய்விட்டது. எல்லோரும் முன்வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் தங்கமாரி மட்டும்தான்.

பட்...

பதிவறைப் பக்கம். கோப்பு ஏதோ விழுந்திருக்கும்.

பட்... பட்...

கோப்பு விழுந்தால் ஒரு தடவைதான் விழும்.

தங்கமாரி எழுந்து நடந்தாள். பதிவறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஜாய் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் மடியில். வேறு யாரும் இல்லை.

பட்...

ஜாயின் தலை வலது பக்கம் திரும்பியது. தானாகத் திரும்பவில்லை. திருப்பப்பட்டது.

அவளே முகத்தை மெல்ல நேராக்கிக்கொண்டாள். பழகிய மாதிரி.

பட்...

இந்த முறை இடது பக்கம்.

உதட்டில் ரத்தம்.

ஜாய் அவளைப் பார்த்துவிட்டாள். கிசுகிசுத்தாள்.

“போயிடுங்க மேடம்... யாராச்சும் பாத்தா அப்பா ஜாஸ்தி அடிப்பாரு...”

எங்கிருந்து தைரியம் வந்ததோ, தங்கமாரி பாய்ந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

வாசல்வரை வந்தாயிற்று.

பின்னால் சத்தம்.

கர்ர்ர்...

திரும்பிப் பார்த்தாள்.

காலி நாற்காலி மேஜையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது... ஒருவர் உட்கார்ந்து தன் பக்கம் இழுத்துக்கொள்வதுபோல.

அன்று மாலைக்குள் ஜாயைத் தண்டலம் பக்கத்துக் கிளை அலுவலகத்துக்கு மாற்றினாள். பதிவறையைப் பூட்டச் சொன்னாள். ஜாய் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திங்கட்கிழமை தண்டலத்திலிருந்து பேசினாள். ஜன்னல் பக்கத்து இடம், நல்ல காற்று, நாள் பூரா உட்கார்ந்துதான் வேலை செய்தேன் என்றாள். தங்கமாரிக்கு மனசு நிறைந்துவிட்டது.

புதன்கிழமை காலை அருள்நாதனின் மனைவி அந்தோணிமேரி வந்தாள். கூடவே சின்ன மகள் ஜெர்சி, பள்ளிச் சீருடையில், துப்பட்டாவால் முகத்தை மூடியபடி.

“ஜாய திரும்ப இங்கயே போட்டுடுங்க மேடம்.”

“ஏம்மா, அந்த ரூம்ல என்ன நடந்துச்சு தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியும்.”

அந்தோணிமேரி துப்பட்டாவை விலக்கினாள். ஜெர்சியின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இரண்டு கன்னத்திலும் விரல் விரலாகத் தடம்.

“ஜாய் அந்த ரூம்ல இருந்த வரிக்கும் அவரு வூட்டாண்ட வர்ல மேடம். வெள்ளிக்கெழம ராத்திரி வந்துட்டாரு.”

ஜெர்சியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அந்தோணிமேரி குரலைத் தாழ்த்தினாள்.

“உசுரோட இருந்தப்ப என்ன அடிச்சாரு. பொதச்ச ஏழாம் நாள் திரும்ப வந்தாரு. வந்து, சின்னவள அடிக்க ஆரமிச்சாரு. என்னால பாக்க முடில. கல்லறைத் திருநாள் அன்னிக்கி மெழுகுவத்தி ஏத்திட்டு நான்தான் சொன்னேன். உன் வேல பெரியவளுக்குக் கெடச்சுக்கீது, அவகூடவே ஆபீசுக்குப் போயிடு, சின்னவள வுட்டுடுன்னு. அன்னிக்கே போய்ட்டாரு.”

“ரெண்டும் நீ பெத்த பிள்ளைதானே?”

“சின்னதுக்குப் பதினாலு வயசுதான் மேடம்.”

அந்தோணிமேரி அழவில்லை. வெளியே பெஞ்சில் ஜெர்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

இடமாற்றத்தை ரத்து செய்தது தங்கமாரிதான். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஜாய் பதிவறைச் சாவியை வாங்க வந்தாள். ஏன், எதற்கு என்று கேட்கவே இல்லை. தங்கமாரிதான் கேட்டாள்.

“அம்மா எதும் சொன்னாங்களா?”

“தங்கச்சிய அடிக்கிறாருன்னு சொன்னாங்க. நான் இங்க வந்துட்டா அடிக்க மாட்டாரு.” ஜாய் கொஞ்சம் தயங்கினாள். பிறகு லேசாகச் சிரித்தாள். “சின்ன வயசுலேர்ந்து அப்பாவுக்கு எம்மேலதான் பாசம் மேடம். அதான் அம்மாவ, தங்கச்சிய எல்லாம் வுட்டுட்டு என்னத் தேடி வராரு.”

தங்கமாரி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சாவியை எடுத்துக் கொடுத்தாள்.