பழனிக்கு முதுகைக் காட்டிப் போன பஸ்

உடுமலையைத் தாண்டிய ரோட்டோரத்தில், மத்தியான வெயிலில், என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. எங்களோடு கிளம்பிய கூட்டத்தில் ஒருவரும் பக்கத்தில் இல்லை. தூரத்தில் அரோகரா சத்தம் மட்டும் கேட்டது. முருகனைக் கும்பிடுகிற உங்களிடம் இதைச் சொல்ல இத்தனை காலம் தயங்கினேன். கசப்பில்லாமல் சொல்ல எனக்கு வராது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தைப்பூசம். நாங்கள் சிங்காநல்லூரில் குடியிருந்தோம். அவருக்கு லேத் பட்டறையில் வேலை. முந்தின வருடம் நெஞ்சுவலி வந்து பிழைத்தவர், ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டார். கொஞ்ச தூரம்தான் நடக்கலாம் என்றார் டாக்டர். அதனால் வெயில் ஏறும்வரை நடப்பது, அப்புறம் பஸ் பிடித்து அடுத்த ஊரில் போய்க் கூட்டத்துக்காகக் காத்திருப்பது என்று முடிவு செய்துகொண்டோம். கூட்டத்தை நடத்தியவர் அவருடைய அண்ணன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு அம்பாசிடர் டாக்ஸியும் பிடித்திருந்தார்.

பொள்ளாச்சி வரை அப்படியே போனோம். அங்கே ஒரு மண்டபத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"பாதி நடை, பாதி பஸ்ஸுன்னா, முருகன் பாதி உசுரத்தாண்டா குடுப்பான்."

பந்தியே சிரித்தது. என் கணவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பஸ் ஸ்டாண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். நான் கெஞ்சினேன். "பேசாம வா புள்ள" என்றார். அவ்வளவுதான்.

உடுமலைக்கு அப்பால் அவருக்குக் கால் பின்னியது. நான் ஓடிப்போய் அண்ணனை நிறுத்தினேன்.

"மாமா, அவருக்கு முடியலீங்க. டாக்ஸியக் குடுங்க, உடுமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறனுங்க."

"மாலை போட்டவன் கார்ல ஏறுனா குத்தமாயிரும்மா. செத்த நேரம் உக்காந்து தண்ணி குடிச்சுப்போட்டு வரச் சொல்லு. டாக்ஸி முன்னாடி போயி எடம் புடிக்கோணும்."

டாக்ஸி என் கண் முன்னாலேயே போயிற்று. கூட்டமும் போயிற்று. அதற்கப்புறம்தான் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது.

பழனி பஸ்களில் படிக்கட்டெல்லாம் ஆள் தொங்கியது. கை காட்டிக் காட்டி ஓய்ந்தேன். ஒன்றும் நிற்கவில்லை. அப்போது நான் பக்தியோடு வேண்டினேன் என்று சொன்னால் அது பொய். வாய்விட்டுத் திட்டினேன். "உன்னப் பாக்கத்தான வந்தாரு? ரோட்டுல போட்டுக் கொல்றதுக்கா வரச்சொன்னே? ஒரே ஒரு வண்டிய நிறுத்து."

ஒரு வண்டி நின்றது. ஆனால் எதிர்ப்பக்கம். உடுமலையைப் பார்த்துப் போகிற பஸ். பூச நேரத்தில் அந்தத் திசையில் யார் போவார்கள்? பஸ் காலியாகத்தான் இருந்தது. நான் அதற்குக் கை காட்டவே இல்லை.

கண்டக்டர் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். "ஏனுங்க்கா, என்னாச்சுங்க? டிரைவர் பாத்துப்போட்டு நிறுத்துனாருங்க."

டிரைவரும் இறங்கி வர, இருவருமாகத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். அந்த நிலையிலும் அவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"பழனி அந்தப் பக்கம் புள்ள."

"இருக்கட்டுங்க."

பஸ் எங்கும் நிற்காமல் ஆஸ்பத்திரி வாசலுக்கே போனது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார் டாக்டர். அந்த டிரைவருக்கு ஒரு கும்பிடு போடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பூசம் முடிந்து அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தம்பிக்குத் திருநீறு பூசிவிட்டு, என்னைப் பார்த்து, "வேண்டுதலை முறிச்சுப்போட்டே. இனி இந்த உசுரு உனக்கு நெலைக்காது" என்றார். அந்த வார்த்தை என் கணவரின் மனசுக்குள் இறங்கிவிட்டது. வீடு திரும்பிப் பல மாதம் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் பெண்ணின் சீர் விசேஷத்துக்கு அவர் பக்கத்துச் சொந்தம் ஒருவரும் வரவில்லை. சில வருடம் கழித்து அவர் தூக்கத்திலேயே போனபோது, சாவு வீட்டில் என் காது படவே, "பஸ் ஏறுன பாவம்" என்றார்கள்.

ஆனால் அவர் போவதற்கு முந்தின வருடம் நாங்கள் இருவர் மட்டும் பழனி போனோம். முடிந்தவரை நடந்தோம். முடியாதபோது பஸ். அடிவாரத்துக்கு டாக்ஸி. மலை ஏற விஞ்ச் ரயில். சந்நிதியில் அவர் குழந்தை மாதிரி அழுதார். வெளியே வந்து பிரகாரத்தில் உட்கார்ந்ததும் என் தோளைத் தொட்டுச் சொன்னார்:

"நா எப்புடி வந்தன்னு அவரு ஒண்ணுமே கேக்கலியே, புள்ள."

அந்த ஒரு நாளுக்காகத்தான் எதிர்ப்பக்கம் அந்த பஸ் நின்றது என்று நம்புகிறேன். அண்ணனை மன்னிக்கும் மனசைக் கொடு என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது இன்னும் வரவில்லை. வரும்.

நடந்து போகிறவர்களே, முடியாவிட்டால் பஸ் ஏறுங்கள். கூட வருகிறவருக்கு முடியாவிட்டால், உங்கள் நடையை நிறுத்திவிட்டு அவரை ஏற்றிவிடுங்கள். முருகன் மலைமேல்தான் இருக்கிறான். எங்கேயும் போய்விட மாட்டான்.