திரேசம்மா மேடையில் சொல்ல மறுத்தது

சாம்பல்தீவுக் கரைக்கு வள்ளங்கள் வந்து சேரும்போது திரேசம்மா அங்கே நிற்பார். கணவாயையும் இறாலையும் கையில் எடுத்துப் பார்த்து வாங்கி, வீட்டில் கழுவிப் பொதி செய்து, உப்புவெளி விடுதிகளுக்கு அனுப்புவது அவருடைய தொழில். கணவர் அஞ்சலோ பிறருடைய வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அவருக்கு வேலை இல்லை. அந்த மாதங்களில் வீட்டு அடுப்பு எரிந்தது திரேசம்மாவின் பிரீசரால்தான். ஆள் படுக்கக்கூடிய நீளத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. சமைக்கிற குசினி வாசலால் நுழையாததால் முன் ஹோலிலேயே இருந்தது. வீட்டுக்கு வருகிற எவருக்கும் முதலில் தெரிவது அதுதான்.

மகள் தினுஷா உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி சற்றுக் குறைந்துவிட்டது. ரவுணில் உள்ள தனியார் தாதியர் கல்லூரி அவளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. கட்டணம்தான் வீட்டுக்கு எட்டாதது. ஓர்ஸ் ஹில்லில் இருந்த துறைமுகக் கல்வி நிதியம் இப்படியான பிள்ளைகளுக்காகவே நடந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் நன்கொடையைச் சேர்த்து, தெரிவான பிள்ளையின் கட்டணத்தை நேரே கல்லூரிக்குக் கட்டிவிடும். தெரிவுக்கு முன்னால் அலுவலர் ஒருவர் வீடு பார்க்க வருவார்.

இந்த வீடு பார்க்கும் நாள் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுக்க, ஒரு வழக்கத்தை உண்டாக்கியிருந்தது. அலுவலர் வருமுன்னர் விண்ணப்பித்த வீடுகள் எல்லாம் ஏழையாகிவிடும். டீவி, பிரிஜ், வோஷிங் மெஷின் எல்லாம் விண்ணப்பிக்காத யாராவது வீட்டுக்குப் போய்விடும். நல்ல கதிரை போய், கால் உடைந்த கதிரை வரும். அந்த வருடம் எல்லோரும் தெரிவுசெய்தது கனகசுந்தரத்தின் வீட்டை. உழவு இயந்திரமும் அதில் பூட்டி இழுக்கும் பெட்டியும் வைத்திருந்தவர் அவர். ஏற்றி இறக்க வசதி.

தன் மகளுக்காக விண்ணப்பித்திருந்த பக்கத்து வீட்டுக் கஜந்தி முதல்நாளே வந்து பிரீசரைச் சுற்றிப் பார்த்தாள்.

"திரேசக்கா, இதை என்ன செய்யப் போறீங்கள்?"

"இதென்ன செய்யிறது? இருக்குது தானே."

"விசர்க்கதை கதைக்காதைங்கோ. வீடு பாக்க வாற லெஸ்லி சேர் இதைக் கண்டாரெண்டால் உங்கட பிள்ளையின்ர பேரை அடிச்சுப் போட்டுடுவார். கனகசுந்தரண்ணை உழவு மெஷினைக் கொண்டு வாறார். நாலு பேர் பிடிச்சால் ஏறியிடும்."

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"ஏலாதெண்டால் ஏலாதுதான். நீ உன்ர பிரிஜ்ஜைக் கொண்டு போ."

"பெருமை பிடிச்ச மனிசி," என்று சொல்லிக்கொண்டே கஜந்தி போனாள். தினுஷா அன்று தாயோடு கதைக்கவில்லை.

மறுநாள் நிதியத்தின் அலுவலர் லெஸ்லி மோட்டார் சைக்கிளில் வந்தார். பொறுமையான மனிதர். திரேசம்மா பூப்போட்ட நல்ல சேலை கட்டி வாசலில் நின்றார். லெஸ்லி பிரீசரைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், படம் எடுக்க போனைத் தூக்கிவிட்டு இறக்கினார்.

"அம்மா, வீட்டில உடுத்திற உடுப்போட நிண்டால் நல்லம்."

"நீங்கள் எங்கட வீட்டுக்கு வந்திருக்கிறீங்கள், தம்பி. வாறவைக்கு நாங்கள் இப்பிடித்தான் நிக்கிறது."

"உங்களுக்காகத்தான் சொல்லுறன். படத்தை நிர்வாகசபை பாக்கும்."

"பாக்கட்டும்."

லெஸ்லி அப்படியே படம் எடுத்துக்கொண்டு போனார். போன இடம் கனகசுந்தரத்தின் வீடு.

கனகசுந்தரத்தின் மகளும் விண்ணப்பித்திருந்தாள் என்பது ஒழுங்கையில் எவருக்கும் தெரியாது. அயலவர்கள் சாமான்களோடு வந்தபோது, சொன்னால் போட்டிக்கு வந்தவர் என்று நினைப்பார்களே எனக் கூச்சப்பட்டு, அவர் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிட்டார். தன் வீட்டுக்கு அலுவலர் இன்னொரு நாள்தான் வருவார் என்று நம்பியும் இருந்தார். லெஸ்லி உள்ளே நுழைந்தபோது ஹோலில் வரிசையாக டீவிகள், பிரிஜ்கள், பெட்சீற் போர்த்திய வோஷிங் மெஷின்.

"ஐயா, கடை திறக்கப் போறீங்களோ?" என்று லெஸ்லி கேட்டார்.

"ஐயோ சேர், இதில ஒண்டும் என்ர இல்ல." பதறிப்போன கனகசுந்தரம் ஒவ்வொன்றாகத் தொட்டு, யார் யாருடையது என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் திரேசம்மாவையும் தினுஷாவையும் ஓர்ஸ் ஹில்லுக்குக் கூப்பிட்டார்கள். நிதியத்தின் தலைவி சுலோஜனா, ஓய்வுபெற்ற அதிபர், எழுந்து வந்து திரேசம்மாவின் கையைப் பிடித்தார். அந்த ஒழுங்கையின் மற்ற விண்ணப்பங்கள் எல்லாம் நிராகரிக்கப்பட்டுவிட்டன, தினுஷாவுக்கு மட்டும் உதவி கிடைக்கும் என்றார். நிதியத்தின் பரிசளிப்பு நாளில் திரேசம்மா மேடை ஏறி, எல்லோரும் ஒளித்தபோது தான் மட்டும் ஏன் ஒளிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். நன்கொடையாளர்கள் வருகிறார்கள். அவர்கள் கேட்க வேண்டிய கதை அது.

தினுஷாவின் முகம் மலர்ந்தது. திரேசம்மா கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"மிஸ், நான் ஒளிக்காததுக்குக் காரணம் வேற. அண்டைக்கு பிரீசர் நிறையக் கணவாய். கலியாண வீட்டு ஓடர். கரண்டைக் கழட்டி வெயிலுக்க ஏத்தி இறக்கினால் முழுக்கப் பழுதாப் போயிருக்கும். வெறும் பெட்டியெண்டால் நானும் ஏத்தித்தான் இருப்பன்."

தினுஷா "அம்மா" என்று மெதுவாகச் சொன்னாள்.

"இதை நீங்கள் சொல்லத் தேவையில்லையே," என்றார் சுலோஜனா.

"நீங்கள் மேடையில கேட்டால் இதைத்தான் சொல்லுவன். எங்கட பக்கத்து வீட்டுக் கஜந்தி தன்ர பிரிஜ்ஜில ஐஸ்பழம் செய்து பள்ளிக்கூட வாசலில விக்கிறவள். அதை ஒளிக்க வைச்சது ஆர்? ஒரு சாமானைக் கண்டவுடன பேரை வெட்டுறதெண்டு நீங்கள் வைச்ச வழக்கம். உழைக்கிறதை ஒளிச்சால்தான் உதவியெண்டால் சனம் ஒளிக்கும். பிறகு ஒளிச்சதுகளைக் கள்ளர் எண்டுறதோ? என்னை நடுவில நிப்பாட்டி அதுகளுக்குக் காட்டுறதோ? நான் வரமாட்டன்."

"அப்ப இந்த உதவி வேண்டாமோ?" சுலோஜனாவின் குரல் இறுகியிருந்தது.

"என்ர பிள்ளைக்கு வேணும். அவளின்ர புள்ளியைப் பாருங்கோ, என்ர வீட்டைப் பாருங்கோ, பிரீசரைத் திறந்தும் பாருங்கோ. பாத்திட்டு ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ. கதை மட்டும் கேக்காதைங்கோ."

சுலோஜனா தினுஷாவின் பக்கம் திரும்பினார். "நீர் என்ன சொல்லுறீர், பிள்ளை? படிக்கப் போறது நீர்."

"எனக்குப் படிக்க வேணும், மிஸ்," என்றாள் தினுஷா. "ஆனா கஜந்தி அன்ரியின்ர மகளும் வகுப்பில என்னோட ஒரே வாங்கில இருந்து படிச்சவள். அவளின்ர வீட்டைக் குறை சொல்லி அம்மாவை மேடையில கதைக்கச் சொன்னால், எனக்கு வேண்டாம்."

அவர்கள் முடிவு தெரியாமலேயே வெளியே வந்தார்கள். பஸ்ஸில் தினுஷா யன்னல் பக்கம் திரும்பி அழுதாள். "நீங்கள் கொஞ்சம் மெல்லமாச் சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"மெல்லமாச் சொன்னால் அவையளுக்குக் கேக்காது," என்றார் திரேசம்மா. ஆனால் கல்லூரியில் இடம் அந்த மாத முடிவுவரைதான். அந்தக் கிழமை முழுவதும் விடுதிக்காரர்களோடு சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை பிடித்தார்.

நிதியத்துக்குள் என்ன கதைத்தார்கள் என்று வெளியில் தெரியாது. ஒருநாள் லெஸ்லி முன்னறிவிப்பு இல்லாமல் ஒழுங்கைக்கு வந்தார். இந்த முறை பிரிஜ்ஜையும் பிரீசரையும் திறந்து பார்த்தார். எதற்கு, யாருக்கு விற்கிறீர்கள் என்று கேட்டார். கஜந்தி ஐஸ்பழம் ஒன்று கொடுத்தாள். "இதையும் எழுதுங்கோ சேர், இனிப்புக் காணுமோ எண்டு," என்றாள்.

தினுஷாவுக்கும் கஜந்தியின் மகளுக்கும் உதவி கிடைத்தது. கனகசுந்தரத்தின் மகளுக்கு அந்த வருடம் கிடைக்கவில்லை. உழவு இயந்திரம் கணக்கில் வந்துவிட்டது. அதற்காக அடுத்த வருடமும் ஓர்ஸ் ஹில்லுக்குப் போய்ச் சண்டை பிடிக்கப் போவதாகத் திரேசம்மா சொல்லித் திரிகிறார்.

பரிசளிப்பு நாளில் தினுஷாவின் பெயரை வாசித்த அறிவிப்பாளர், தாயாரும் மேடைக்கு வரலாம் என்று அழைத்தார். தினுஷா தனியாகவே ஏறினாள்.

"அம்மா வரேல்லையோ?"

"கரைக்கு வள்ளம் வாற நேரம்," என்றாள் தினுஷா ஒலிவாங்கியில். "அம்மா வேலையில நிக்கிறா."

சான்றிதழை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.