அம்மா இறுக்கிய குழாய்

தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டே அறைகள். மூன்றாவதற்கு எல்லாரும் செய்வதைத்தான் அப்பாவும் செய்தார். பின்பக்க பால்கனியைத் தகரமும் பிளைவுட்டும் வைத்து அடைத்துக் கட்டில் போட்டார். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் அதற்குள்தான் போகும். மேலே பழைய இரும்பு, கீழே புது பிளாஸ்டிக். இரண்டும் சேரும் இடம் கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது.

அந்தக் கட்டில்தான் அத்தைக்கு வாய்த்தது. அப்பாவின் தங்கை. மாமா அடித்துக் கை வீங்கிப்போய், மதுரையிலிருந்து ஒரே பையோடு ரயிலேறி வந்திருந்தாள். இனி அங்கே போவதில்லை, இங்கேயே வேலை தேடிக்கொள்கிறேன் என்றாள். அப்பா சரி என்றார். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள்.

டிசம்பரில் ஜாயிண்ட் ஒழுக ஆரம்பித்தது. பிளம்பர் வந்து இரும்பு மரையில் வெள்ளை டேப் சுற்றி, புது பிளாஸ்டிக் சாக்கெட்டைக் கையாலேயே திருகி மாட்டினார்.

“பாபிஜி, அவுர் மத் கஸ்னா. பிளாஸ்டிக் ஃபட் ஜாயேகா.”

அம்மாவுக்கு இந்தி மொழிபெயர்ப்பாளன் நான்தான். “இதுக்கு மேல இறுக்கக் கூடாதாம்மா, பிளாஸ்டிக் வெடிச்சிருமாம்” என்றேன். தலையாட்டினாள்.

மறுநாள் அத்தை குளிக்கப் போயிருந்தபோது, அம்மா ஸ்டூலில் ஏறி ரெஞ்ச்சால் அந்த சாக்கெட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

“அம்மா, பிளம்பர் பையா வேணாம்னாரே?”

“இறுக்குனாத்தாண்டா ஒழுகாது. போய்ப் படி.”

சாயங்காலத்துக்குள் அத்தையின் மெத்தை ஊறிவிட்டது. அப்பா பிளம்பரைக் கூப்பிட்டுக் கத்தினார். அவர் தலையில் அடித்துக்கொண்டு வேறு சாக்கெட் போட்டார். அம்மா மறுபடி ஸ்டூலில் ஏறினாள். என் மொழிபெயர்ப்பு சரியில்லை போலிருக்கிறது என்று, நான் கையை முறுக்கிக் காட்டி இன்னொரு தரம் விளக்கினேன்.

தில்லிக் குளிரில் ஈர மெத்தை. அத்தைக்கு இருமல் வந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தவளிடம், “புள்ளைங்களுக்கு ஒட்டிக்குமே” என்றாள் அம்மா, ரொம்ப மெதுவாக.

கடைசியில் அப்பாதான் சொன்னார். “இந்த ஈரத்துல எத்தனை நாள் கெடப்ப? மாப்பிள்ளையும் ஃபோன்ல அழுறாரு.”

அத்தை பையை எடுத்துக்கொண்டாள். அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் அம்மா இன்றும் “அவ தலையெழுத்து” என்பாள்.

ஸ்டேஷனுக்குப் போகும் ஆட்டோவில் அத்தையை நான்தான் சமாதானப்படுத்தினேன். “அம்மாவுக்கு இந்தி புரியாது அத்தை, அதான் இறுக்கிடுறாங்க. நான் நல்லாச் சொல்லி வெக்கறேன், வெயில் காலத்துல வந்துடுங்க.”

“உங்கம்மாவுக்கு எல்லாம் புரியும் ராசா.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புரியாது, அம்மாவுக்கு எதுவுமே தெரியாது என்று ஸ்டேஷன் வரும்வரை அத்தையோடு சண்டை போட்டேன்.