இறங்கத் தெரியாமல் ஒரு சைக்கிள் சவாரி

ரோட்டில் சரளை கொட்டியிருப்பதால் ஒரு வாரமாகத் தாடிக்கொம்புக்கு பஸ் கிடையாது. எத்தனை நாள்தான் லீவு போடுவது? இன்று காலை வாடகை சைக்கிள் எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

பஸ் இல்லை, லாரி இல்லை, மாட்டுவண்டிகூட இல்லை. சக்கரத்தடியில் சரளை நறநறக்க, தூரத்தில் பெருமாள் கோயில் கோபுரம் தெரிய, மகாராணி மாதிரிப் போனேன்.

எதிரே, ஏதோ வேலையாக டவுன் பக்கம் போகிற எங்கள் ஹெட்மாஸ்டர், அவரும் சைக்கிளில்!

"பொம்பளை டீச்சர் சைக்கிள்ல வாரதா? யோசிச்சுச் சொல்றேன்" என்று நேற்றுதான் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

பெரியவர்களைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பதுதானே நம் ஊர் மரியாதை? எனக்கு ஓட்டத் தெரியும். ஆனால் மைல்கல்லில் கால் ஊன்றாமல் இறங்கத் தெரியாது.

"வணக்கம் சார்! கல்லு வரட்டும், இறங்கிர்றேன்!" என்று கத்திக்கொண்டே அவரைத் தாண்டினேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

அவரும் நிற்கவில்லை. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமலே பதில் கத்தினார்:

"நிக்காமப் போங்க டீச்சர்! எனக்கும் கல்லு வந்தாத்தான் இறங்க முடியும்! நாளைக்கும் இதுலயே வாங்க!"

சைக்கிளில் ஜம்மென்று போகிற மற்றவர்களே, உண்மையைச் சொல்லுங்கள். உங்களில் எத்தனை பேருக்கு இறங்கத் தெரியும்?