டிரம் இல்லாத எட்டுப் பாட்டுகள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட ஓர் அறை இருக்கிறது. பட்டாபிராமில் எங்கள் தெருவில் பாதிப் பேர் வாடகைக்கு விடுவதற்காக மாடியில் அப்படி ஓர் அறை கட்டிவைத்திருக்கிறார்கள். எங்கள் அறையில் குடியிருந்தது அண்ணனின் டிரம் செட். இசைக்குழுவை விட்டு வந்தபின் நான் தனியாகப் போட்ட முதல் ஆல்பத்தை அந்த டிரம் செட்டுக்கு அரையடி தள்ளி உட்கார்ந்துதான் பதிவு செய்தேன். எட்டுப் பாட்டுகள். ஒன்றில்கூட டிரம் கிடையாது.

கேட்டவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ராக் பாடிக்கொண்டிருந்த பெண் ஏன் திடீரென்று இவ்வளவு அமைதியாகிவிட்டாள்? நானும் ஏதோ அழகாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பக்கத்தில் இருந்தால் மட்டும் பதில் வராது.

குழுவில் நாங்கள் நான்கு பேர். டிரம்ஸ் அண்ணன். பேஸ் கிடார், அம்பத்தூர் எஸ்டேட்டில் அவனோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர். அவருடைய பள்ளித் தோழர் ஒருவர் லீட் கிடார். பாட்டும் இன்னொரு கிடாரும் நான். ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் ஒரு வாடகை ஸ்டூடியோவில் ஒத்திகை. கல்லூரி விழா, யாராவது கூப்பிட்டால் ரிசப்ஷன், எதுவாக இருந்தாலும் போவோம். பாட்டுகளை நான் எழுதுவேன். மெதுவாக முனகியபடி எழுதிக்கொண்டு போவேன். ஒத்திகையில் டிரம்ஸும் இரண்டு கிடார்களும் ஏறி உட்கார்ந்ததும், நான் தொண்டை நரம்பு தெரியக் கத்தவேண்டியதாகிவிடும். ஆவடி பக்கம் ஒரு கல்லூரியில் வாசித்து முடித்து இறங்கியபோது ஒரு மாணவி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செம எனர்ஜிக்கா. ஆனா ஒரு வார்த்தகூடப் புரியல." பாராட்டாகத்தான் சொன்னாள். அது நான் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய பாட்டு.

இதை அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓர் ஒத்திகை முடிந்து டீக்கடையில் நின்றபோது, எம்.டெக். நுழைவுத் தேர்வுக்குப் படிக்கப் போகிறேன், கொஞ்ச காலம் வர முடியாது என்றேன்.

பேஸ் கிடார்காரர் டீயை ஆற்றிக்கொண்டே அண்ணனைப் பார்த்தார். "இன்னா மாமே, உன் தங்கச்சி படிக்கப் போவுதாம். அப்போ நம்ம இன்னா, பாட்டே இல்லாம வாசிச்சிகினு கீறதா?"

"படிக்கட்டும் உடு மச்சான்," என்றான் அண்ணன். "எங்க ஊட்ல இதுவரைக்கும் எவன் எம்.டெக். படிச்சான்? பரீட்ச முடிஞ்சா தானா வரும்."

தாத்தா வரைக்கும் அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. அப்பா தொழிற்சாலைக்குப் போனார். அண்ணன் டிப்ளமோவோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனதால் நான் பொறியியல் முடித்தேன். படிப்பு என்ற வார்த்தைக்கு எங்கள் வீட்டில் யாரும் எதிர்ப்பேச்சு பேசமாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பொய்யைப் பொறுக்கி எடுத்தேன்.

அவன் நம்பினான். நம்பியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று மாலையே மாடியறையைக் கூட்டி, டிரம் செட்டைச் சுவரோரம் தள்ளி, மேலே பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி, எனக்கென்று மேசையும் நாற்காலியும் கொண்டுவந்து போட்டான். கீழே டிவி சத்தத்தில் படிப்பு ஏறாதாம். அன்றிலிருந்து வீட்டில் டிரம்ஸைத் தொடுவதில்லை. கைக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று கூடத்தில் தலையணையை மடியில் வைத்துக் குச்சியால் தட்டிக்கொண்டிருப்பான். பஞ்சு பிதுங்குகிறது என்று அம்மா திட்டுவாள். புள்ள படிக்குது, மேல போய்த் தட்டச் சொல்றியா என்று அவளை அடக்குவான். ஷிப்ட் முடிந்து ரயில் இறங்கி வரும்போது ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் எனக்குப் பரோட்டா வாங்கி வருவான். தெருவில் யார் கேட்டாலும் தங்கச்சி எம்.டெக். போகப்போகிறது என்பான். பரோட்டாவை மென்று விழுங்கிக்கொண்டே, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நாளைக்கு வேறொரு பாட்டு பாதியில் நிற்கும்.

அந்த அறையில், அவன் வேலைக்குப் போன நேரமெல்லாம் நான் பதிவு செய்தேன். ஒரு மைக், ஒரு லேப்டாப், என் கிடார். கீழே டிவி ஓடும்வரை அம்மாவுக்கு எதுவும் கேட்காது. மேசையின் மேல் பாடப் புத்தகங்கள். மின்சார ரயில் ஹாரன் அடித்தால் நிறுத்திவிட்டுத் திரும்பப் பாடவேண்டும். அதெல்லாம் தொந்தரவாகவே இல்லை. என் வார்த்தைகள் எனக்கே கேட்டன. குற்ற உணர்ச்சி இருந்ததென்று சொல்கிறேனே தவிர, அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது நான் சந்தோஷமாக இருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

மூன்றாவது பாட்டில் சிக்கல் வந்தது. குரல் மேலே ஏறும் ஓர் இடத்தில் பின்னாலிருந்து 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். தகர ஷீட் அதிர்கிறது என்று நினைத்தேன். ஃபேனை நிறுத்தினேன். மைக் ஒயரை மாற்றினேன். மறுபடியும் அதே இடம், அதே சத்தம். கடைசியில் பாடிக்கொண்டே அறையைச் சுற்றி நடந்து காதை வைத்துக் கேட்டபோது அது பெட்ஷீட்டுக்குள்ளிருந்து வந்தது.

டிரம் செட்டில் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு சின்ன டிரம் இருக்கும், ஸ்னேர். அதன் அடித்தோலை ஒட்டிச் சுருள் சுருளாகக் கம்பிகள் ஓடும். அடித்தால் மட்டுமில்லை, அதே அறையில் யாராவது குறிப்பிட்ட ஒரு சுரத்தைப் பாடினாலும் கம்பி தானாக நடுங்கி அந்தச் சத்தத்தை எழுப்பும். பக்கவாட்டில் ஒரு லீவர் உண்டு. அதை இறக்கினால் கம்பி தோலை விட்டு விலகிவிடும். அத்தனை ஒத்திகை பார்த்தவளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். அண்ணன்தான் எப்போதும் கவனித்து இறக்கிவிடுவான் என்பதால் எனக்கு அந்த வேலையே இருந்ததில்லை.

லீவரை இறக்கிவிட்டுப் பாடினேன். சுத்தமாக வந்ததாகத்தான் என் காதுக்குப் பட்டது.

ஆறாவது பாட்டு முடிந்து இரண்டு நாள் கழித்து அதே சத்தம் மறுபடி. பெட்ஷீட்டைத் தூக்கினால் லீவர் ஏறியிருக்கிறது. நான் ஏற்றவில்லை. கொஞ்சம் யோசித்தபின் புரிந்தது. அந்த வாரம் அவனுக்கு மதிய ஷிப்ட். படிப்பதாகக் காட்டிக்கொள்ள நான் காலையில் ஆவடி நூலகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். நான் இல்லாத அந்த நேரத்தில் அவன் மாடிக்கு வந்து பெட்ஷீட்டை விலக்கி வாசித்துவிட்டு, நான் வருவதற்குள் பழையபடி போர்த்திவைத்திருக்கிறான். தன் காசில் வாங்கிய டிரம்ஸை, தன் வீட்டில், திருடனைப் போல.

அப்படியானால் லீவர் இறங்கியிருப்பதை அவனும் பார்த்திருப்பான். படிக்கிற பெண்ணுக்கு ஸ்னேர் லீவரில் என்ன வேலை? அதை யோசிக்க அவனுக்கு எம்.டெக். தேவையில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் பதிவே செய்யவில்லை. அவன் ஏதாவது கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பரோட்டா வந்தது. பிறகு தாங்க முடியாமல் ஒரு நாள் மேலே போய் பெட்ஷீட்டைத் தூக்கினேன். நான் ஏறியபடியே விட்டிருந்த லீவர் இறங்கியிருந்தது. ஸ்னேரின் மேல் ஒரு துண்டு நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அன்று சாயங்காலம் கம்பெனிச் சட்டையைக் கொடியிலிருந்து எடுக்க அவன் மாடிக்கு வந்தான். நான் கதவில் சாய்ந்து நின்றேன். அவன் என்னைப் பார்க்காமல், கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றியபடியே பேசினான்.

"லீவர எறக்கினா மட்டும் பத்தாது. தோலு தனியா அதிரும். அதான் துண்டு போட்டு வெச்சேன்."

கடைசிக் கிளிப்பையும் கழற்றிச் சட்டையை உதறினான்.

"எத்தினி பாட்டு ஆச்சு?"

"ஆறு."

"போடு, கேப்போம்."

ஹெட்போனை மாட்டிவிட்டேன். அவன் என் நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி ஆறு பாட்டையும் கேட்டான். எந்த இடத்தில் எந்தப் பாட்டு போகிறது என்று தெரியாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றியபின், நல்லா கீது என்றான். கொஞ்ச நேரம் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"சத்தம் ஜாஸ்தின்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா மெதுவா அடிச்சிருப்பேனே. பிரஷ் வெச்சு வாசிச்சிருப்பேன்."

வாசித்திருப்பான். அது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குச்சியை வைத்துவிட்டு, தோலை மெல்ல வருடும் கம்பி பிரஷை எடுத்திருப்பான், அதுவும் அதிகம் என்றால் விரலால் தட்டியிருப்பான், நான் போதும் என்று சொல்லும்வரை குறைத்துக்கொண்டே போயிருப்பான். எனக்கு வேண்டியது மெதுவான டிரம்ஸ் இல்லை. டிரம்ஸே வேண்டாம். அதை எந்த முகத்தோடு சொல்வது?

அவனே பேச்சை மாற்றினான். "மூணாவது பாட்ட திரும்பப் பாடிடு. ஸ்னேர் தோலு கத்துது. கேக்குறவன் யார்ரா இந்த டிரம்மருன்னு என்னத்தான் திட்டுவான்."

"டிரம்மரே இல்லியேண்ணா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேடிக்கைக்குப் பதில் வேடிக்கையாகத்தான் வாயில் வந்தது.

"ஆமால்ல," என்றான். சிரிக்கத்தான் செய்தான். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். கீழே அன்றைக்குத் தலையணைச் சத்தம் கேட்கவில்லை.

மூன்றாவது பாட்டைத் திரும்பப் பாடினேன். இன்னும் இரண்டு பாட்டுகள் சேர்ந்தன. நுழைவுத் தேர்வு எழுதவில்லை என்பதை அப்பா அம்மாவிடம் நானே சொன்னேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, ஒருவராவது கோபப்பட்டாரே என்று.

ஆல்பம் இணையத்தில் வந்த அன்று பேஸ் கிடார்காரர் அண்ணனுக்கு போன் செய்தார். ஸ்பீக்கர் போடாமலே அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. படிக்கப் போறேன்னு சொல்லி ஏமாத்திட்டாளே மாமே, உனுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எனுக்குத் தெரியும் மச்சான். நாந்தான் தனியா போடச் சொன்னேன். பாட்டுக்குத் தனியாத்தான் நல்லா கீது."

அந்தப் பதிலில் முதல் பாதி பொய், எனக்காகச் சொன்னது. இரண்டாவது பாதி பொய்யா நிஜமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அவர்கள் குழுவில் இப்போது வேறு ஒருவர் பாடுகிறார். நன்றாகக் கத்துகிறார் என்றான் அண்ணன். குத்திக்காட்டுகிறானா என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் சொன்னான்.

போன மாதம் வானகரத்தில் ஒரு காபிக் கடையின் மாடியில் முதல் முறையாக இந்தப் பாட்டுகளை ஆட்கள் முன்னால் பாடினேன். வருகிறாயா என்று அண்ணனைக் கேட்கவே தயங்கினேன். கிடார் ஆம்ப்ளிஃபையர யார் தூக்கிக்கினு வருவா என்று அவனே கேட்டான். பைக்கில் அவன் ஓட்ட, நான் பின்னால் அந்தப் பெட்டியை அணைத்தபடி பைபாஸ் தூசியில் போய்ச் சேர்ந்தோம். ஒயர்களை மாட்டிக்கொடுத்தான். பழக்கத்தில் எனக்குப் பின்னால் போய் நின்றவன், அங்கே உட்கார எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, இறங்கிவந்து முன்வரிசையில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். அவனை நான் மேடையிலிருந்து எதிரில் பார்த்ததே இல்லை. எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருப்பான்.

மூன்றாவது பாட்டில் குரல் மேலே ஏறும் இடம் வந்தது. கடைக்குள் எந்தக் கம்பியும் நடுங்கவில்லை. அவன் வலது கை மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது, மிக மெதுவாக, பிரஷ் வைத்து வாசிப்பதைப் போல. சரியான தாளம். அந்தப் பாட்டுக்கு அதுதான் சரியான தாளம்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டான். உடனே கையை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டான். நிறுத்தாதே, தட்டு என்று சொல்ல நினைத்தேன். வாயில் பாட்டு இருந்தது, கை இரண்டும் கிடாரில் இருந்தன. அவன் வேண்டாமென்று தலையை ஆட்டி, பாடு என்று கண்ணைக் காட்டினான். பாடினேன்.