மார்கழியில் நின்ற கணக்கு

கடலூர் முதுநகர் ஆரோக்கிய ராணி, சிதம்பரத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தது 2005இல். அவள் எடுத்துக்கொண்ட கணக்கு, உலகத்து விஞ்ஞானிகள் பலரின் வயிற்றில் புளியைக் கரைக்கிற கணக்கு.

அண்டமெங்கும் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருப்பதாக நம்பப்படும் கரும்பொருளைப் பிடிக்க, சுரங்கங்களுக்குள் கருவி வைத்துக் காத்திருக்கிறார்கள். கரும்பொருள் துகள் ஒன்று அணுக்கருவை இடித்தால் கருவி அதைப் பதிவு செய்துவிடும். வேறு துகள்கள் உள்ளே வந்து குழப்பக் கூடாதென்றுதான் மலையும் ஈயச் சுவரும். ஆனால் சூரியனிலிருந்து கொட்டுகிற நியூட்ரினோ என்கிற துகளுக்கு மலையாவது ஈயமாவது! அதுவும் எப்போதாவது அணுக்கருவை இடிக்கும், கரும்பொருள் இடிப்பதைப் போலவே. கருவியைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல் இடித்தது எது என்று சொல்லவே முடியாது. அந்தக் கட்டம் எங்கே வருகிறது என்பதைத்தான் ராணி மூளையைக் கசக்கிக் கணக்கிட்டு, ஒரு வளைகோடாக வரைந்தாள்.

2008 கார்த்திகைக் கடைசி நாள் கட்டுரை தயார். வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் துறையிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது. வழிகாட்டி கலியமூர்த்தி சிரித்த முகக்காரர், யாரையும் திட்டமாட்டார். திட்டுகிறவரிடம் சண்டையாவது போடலாம்.

"நாளைக்கு மார்கழி பொறக்குதும்மா. மார்கழில எதையும் தொடங்கக் கூடாது. தை மொத நாளே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"சார், இதே கணக்க வெளிநாட்டுலயும் போட்டுக்கிட்டு இருக்காங்க சார்."

"அவுங்களுக்கு கிறிஸ்மஸ் லீவும்மா. உனக்குத் தெரியாததா?"

பிரபஞ்சம் பிறந்த நொடியைப் பற்றிப் பாடம் நடத்துகிற மனிதர், ஒரு கட்டுரையை அனுப்ப மாதம் பார்த்தார். எங்கே போய் முட்டிக்கொள்வது!

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வரும் வழியில், மனசு கேட்காமல் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தாள். முந்தின நாள்தான் ஒரு வெளிநாட்டுக் குழு தன் கட்டுரையை இணையத்தில் ஏற்றியிருந்தது. அதே கணக்கு, அதே வளைகோடு. அவர்கள் லீவு எடுக்கவில்லை.

"நல்ல நாளு அதுவுமா ஏண்டி அழுவுற?" என்றாள் அம்மா. என்னவென்று சொல்வது? இனி ஆயுசுக்கும் அந்தக் கணக்கு தன்னுடையது இல்லை என்றா?

2011இல் வாய்மொழித் தேர்வு. அன்றைக்குச் சாப்பாடு, இனிப்பு, முந்திரி எல்லாம் மாணவர் செலவு. அது அங்கே எழுதாத சட்டம். ராணி முந்திரியை வறுத்துக்கொண்டு போயிருந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இது ஏற்கெனவே வந்தாச்சே. இதுல உங்களோடது எதும்மா?"

ராணி கலியமூர்த்தியைப் பார்த்தாள். இவள்தான் முதலில் முடித்தாள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வெளிநாட்டுக்காரங்க போட்ட கணக்க இவங்க மறுபடி போட்டு சரிபாத்திருக்காங்க சார்" என்றார்.

பட்டம் கிடைத்தது. முனைவர் ஆரோக்கிய ராணி, அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்தவள். கைதட்டல் ஓய்ந்ததும் கலியமூர்த்தி அவள் பக்கம் வந்தார்.

"பாத்தியாம்மா, முகூர்த்த நாளாப் பாத்து வச்சேன். ஒரு தடங்கலும் இல்லாம முடிஞ்சுது."

கையிலிருந்த தட்டை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது ராணிக்கு.

"முந்திரி இன்னுங் கொஞ்சம் எடுத்துக்குங்க சார்" என்றாள்.